சம்பந்தி வீட்டுச் சோறு

முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து, மாதா மாதம் பௌர்ணமி சிறப்புப் பேருந்தில் விசில் ஊதியவன் நான். அப்படிப்பட்டவன் பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்காமல், கிரிவலப் பாதையில் இருக்கிற சாவு வீட்டுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினேன் என்றால் யாராவது நம்புவார்களா? என் மனைவி பாஞ்சாலையே நம்பவில்லை. வேண்டுமென்றே செய்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காலண்டரைப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ராகு காலம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்தேன். சாவு வீட்டுக்குப் போகிறவனுக்கு ராகு காலம் எதற்கு என்று கேட்டால், பழக்கதோஷம்.

இறந்துபோனவர் என் சம்பந்தி இராமலிங்கம். என் ஒரே மகள் வினோதினியை அடி அண்ணாமலையில் அவர் மகன் மாறனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். நெஞ்சு வலி என்று காலையில் உட்கார்ந்தவர், பத்து மணிக்கெல்லாம் போய்விட்டார். மாலையே எடுத்தாயிற்று. மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் தலை முழுகுவார்கள். அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பெண் கொடுத்த சம்பந்திதான் தன் வீட்டில் சமைத்து எடுத்துப்போய்ப் பந்தி போட வேண்டும். துக்கத்துக்குப் பிறகு அந்த வீடு முதல் வாய் வைப்பது சம்பந்தி வீட்டுச் சோற்றில்தான். இது எங்கள் பக்கத்து வழக்கம்.

வழக்கம் எல்லோருக்கும் பொதுதான். எனக்கு மட்டும் அது பரீட்சையாக வந்து சேர்ந்தது. காரணம், பதினோரு மாதத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம்.

கீழ்பென்னாத்தூரில் மண்டபம். ஐந்நூறு பேர் என்று சமையல்காரரிடம் சொன்னது நான். ஒரு பார்வையில் தலை எண்ணுகிறவன் என்று எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம். வந்தது எழுநூறு. மாப்பிள்ளையின் அப்பா என்பதால் இராமலிங்கம் எல்லோரையும் சாப்பிடவைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலைக்குச் சாம்பார் வரவில்லை. பொரியல் வரவில்லை. சோறும் ரசமும் வந்தன. இரண்டு வாய் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது இலையைச் சாவு வீட்டில் மடிப்பதுபோல மேல் பக்கமாக மடித்துவிட்டுப் போனார். மண்டபமே பார்த்தது.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தலை தீபாவளிக்கு வந்தார், வயிறு சரியில்லை என்றார். பொங்கலுக்கு வந்தார், வயிறு சரியில்லை. பாஞ்சாலை ஒரு டம்ளர் மோரையாவது நீட்டுவாள். கையைக் கூப்புவார். பதினோரு மாதம் வயிறு சரியில்லாத மனிதர் கடைசியில் நெஞ்சு வலியில் போனார்.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி கன்னியம்மாள் மூடவில்லை. உலையில் அரிசி போடும்போதெல்லாம் என் மகளிடம், "உங்க வூட்டு கல்யாணம் மாதிரி ஆக்காதடி, நாலு பேருக்குப் பத்தணும்" என்பாளாம். வினோதினி போனில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பெற்றவனுக்குத் தெரியாதா? என்றைக்காவது அந்த மனிதரை உட்காரவைத்து, இலை நிறையச் சோறு போட்டு, போதும் போதும் என்று கையை விரித்து இலையை மறைக்கிறவரை சாம்பாரை ஊற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போய்விட்டார். செய்தி கேட்டு அழுதேன். அழுகைக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஆக, அந்தச் சோறு எனக்குச் சோறு இல்லை. என் மகள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு ஒரே வழி. நாற்பது பேர் இருப்பார்கள் என்று மாறன் சொன்னான். நான் எண்பது பேருக்கு ஆக்கச் சொன்னேன். பாஞ்சாலை விடியற்காலையிலேயே அடுப்பில் உட்கார்ந்தாள். ஒரு அண்டா சோறு, கத்தரிக்காய் முருங்கைக்காய் போட்ட சாம்பார் ஒரு பெரிய தூக்கு, வாழைக்காய்ப் பொரியல், ரசம், மோர். சாம்பாரைக் கரண்டியில் எடுத்து எனக்கு ருசி காட்டினாள். அப்படி ஒரு சாம்பாரை அவள் அதற்கு முன் வைத்ததில்லை. பதினோரு மாத ரோஷமும் அதில் கொதித்திருந்தது.

அவளுடைய தம்பி அர்ஜுனன் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திருவண்ணாமலையை நெருங்க நெருங்க, எதிரிலும் பின்னாலும் பஸ், வேன், கார். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போட்டிருந்தார்கள்.

"இன்னாடா கூட்டம் இது?" என்றேன்.

"இன்னிக்கு பௌர்ணமி மாமா. காலையில ஒம்போது மணிக்கே பொறந்துடுச்சி."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க கண்டக்டராச்சே" என்றான் அர்ஜுனன்.

வேலையில் இருந்தவரைக்கும் பௌர்ணமியை டிப்போ எனக்குச் சொன்னது. ஓய்வு பெற்ற பிறகு வானம் சொல்லும் என்று விட்டுவிட்டேன். பாஞ்சாலை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சந்து பொந்தெல்லாம் புகுந்து எப்படியோ காஞ்சி ரோடு வழியாகக் கிரிவலப் பாதை வரைக்கும் வந்துவிட்டோம். அங்கே தடுப்புப் போட்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"அன்னதானமா? அனுமதிச் சீட்டு எங்க?"

"அன்னதானம் இல்லீங்க சார். அடி அண்ணாமலையில சாவு. சம்பந்தி சாப்பாடு எடுத்துனு போறோம்."

"போன பௌர்ணமிக்கு ஒருத்தர் கருமாதின்னு சொல்லிட்டு உள்ள போயி சுண்டல் வித்தாரு. வண்டி போகாதுங்க. நடந்து போங்க, யாரு வேணாம்னா?"

ஒன்றரைக் கிலோமீட்டர். முப்பது கிலோ சோறு. இருபது லிட்டர் சாம்பார். அர்ஜுனன் போய் ஒரு இளநீர்க்காரரைப் பிடித்து, காய் தீர்ந்துபோன அவருடைய தள்ளுவண்டியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். அர்ஜுனன் தள்ள, நான் முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டு போக, பாஞ்சாலை தையல் இலைக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பங்குனி வெயிலில் வெறுங்காலோடு ஜனம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்துச் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எதற்குக் கும்பிடுகிறார்கள் என்று அந்த நிமிஷமே நான் யோசித்திருக்க வேண்டும்.

பாதித் தூரம் போனதும் வண்டியின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, சாம்பார்த் தூக்கு சாய்ந்தது. பாஞ்சாலை அலறிவிட்டாள். பாரத்தை இறக்கினால்தான் சக்கரத்தைத் தூக்க முடியும் என்றான் அர்ஜுனன். எல்லாவற்றையும் ஓரமாக ஒரு புங்க மர நிழலில் இறக்கி வைத்தோம். சாம்பார் எவ்வளவு சிந்தியது என்று பார்க்கப் பாஞ்சாலை மூடியைத் திறந்தாள். அரை லிட்டர்கூடப் போகவில்லை. வாசனைதான் பாதை முழுக்கப் போனது.

முதலில் வந்தவர் ஒரு காவி வேட்டிச் சாமியார். தன் தூக்குச் சட்டியை எங்கள் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"சாவு வூட்டு சோறு சாமி" என்றேன்.

"எல்லா வூடும் சாவு வூடுதான்" என்றார் அவர். சட்டியை எடுக்கவில்லை.

பாஞ்சாலை என் காதுக்குள் சொன்னாள். "இந்த ஊர்ல சாமியாருக்கு இல்லன்னு சொல்லக்கூடாதுங்க. ஒரு கரண்டி போடுங்க. எண்பது பேருக்கு இருக்குதில்ல."

ஒரு கரண்டி சோறு போட்டேன். அவள் சாம்பார் ஊற்றினாள். நிமிர்ந்து பார்த்தால் அவருக்குப் பின்னால் ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய வந்த பெண்கள். பக்கவாட்டிலிருந்து இரண்டு பேர் கையை நீட்டினார்கள். ஒரு குழந்தை அண்டாவைப் பிடித்துக்கொண்டு எம்பியது.

அப்போது நான் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. "இது அன்னதானம் இல்லீங்க, போங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்ததும் முப்பத்திரண்டு வருஷ வழக்கம் முந்திக்கொண்டது.

"இடிக்காதீங்க! வரிசையா வாங்க, வரிசையா வாங்க! கைக்கொழந்தக்காரங்க முன்னாடி வாங்க!"

அடுத்த நிமிஷம் வரிசை நின்றுவிட்டது. வளைந்து, நெளிந்து, அடுத்த லிங்கக் கோயில் வரைக்கும் போகும்போல இருந்தது. வரிசை என்று ஒன்று நின்றுவிட்டால், அதன் தலைமாட்டில் இருப்பவன் தானம் கொடுக்கிறவன்தான். அதற்கு மேல் சாட்சி எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. யாரோ "அண்ணாமலையானுக்கு" என்று குரல் கொடுக்க, வரிசை மொத்தமும் "அரோகரா" என்றது. ஒரு இளைஞன் செல்போனில் படம் பிடித்தான். பாஞ்சாலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பத்து பேருக்குப் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். பிறகு இருபது என்று நினைத்தேன். ஆந்திராக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சாப்பிட்டுவிட்டு வந்து நான் தடுப்பதற்குள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என் காலை அதுவரை பஸ்ஸில் மிதித்திருக்கிறார்கள், தொட்டதில்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர், அப்பளம் கிடையாதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னபோது எனக்கே கொஞ்சம் குறையாக இருந்தது.

பாஞ்சாலையாவது நிறுத்துவாள் என்று பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் அவளிடம், "யம்மா, இன்னா சாம்பாரும்மா இது! எங்க அம்மா கூட இப்படி வெச்சதில்ல" என்றாள். பதினோரு மாதமாகத் தன் வீட்டுச் சாம்பாருக்காகத் தலைகுனிந்து கிடந்தவள் பாஞ்சாலை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோம்மா" என்று அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை ஊற்றினாள். அதைப் பார்த்த அடுத்தவளும் இரண்டாம் முறை கேட்டாள். எல்லோருக்கும் இரண்டு முறை போனது.

குற்றத்தைச் சாமியார் தலையில் கட்டலாம், போலீஸ்காரர் தலையில் கட்டலாம். உண்மை அதுவல்ல. எங்களுக்கு அது இனித்தது. யாருக்குப் போட வேண்டுமோ அவர்களை மறந்து, நல்லா இருக்குது என்று சொன்னவர்களுக்கெல்லாம் போட்டோம்.

அண்டாவின் அடியில் கரண்டி இடித்தபோதுதான் எனக்குச் சுரணை வந்தது. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். தீர்ந்துபோயிற்று என்றேன்.

"அளவு பாத்து ஆக்க மாட்டீங்களா? ஒரு மணி நேரமா வெயில்ல நிக்கறோம்" என்று ஒருவர் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

பாஞ்சாலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அர்ஜுனன் இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. வினோதினி.

"ப்பா, எங்க இருக்கீங்க? எல்லாரும் தல முழுகிட்டு வந்துட்டாங்க. அத்த நேத்துலருந்து ஒரு வாய் காப்பி கூட குடிக்கல. சம்பந்தி சாப்பாடு வந்தாத்தான்னு உக்காந்துட்டு இருக்காங்க."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

"எல்லாத்தையுமாப்பா?"

"ரசம் கொஞ்சம் இருக்குதும்மா."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "கேளுங்க. முன்வாசலுக்கு வராதீங்க. பின்னாடி சந்து வழியா சிந்துஜா வூட்டுக்கு வாங்க. அம்மாவ மட்டும் முன்னாடி அனுப்புங்க. போலீசு வண்டிய நிறுத்திட்டாங்க, பின்னால வருதுன்னு சொல்லச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் எப்படியாச்சும் ஓட்டணும்."

சிந்துஜா அடுத்த வீட்டுக்காரப் பெண். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு என்று கடை போடுகிறவள். மாலைக் கூட்டத்துக்காக அவள் வடித்து வைத்திருந்த சோறு பெரிய சட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கொல்லையில் கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரி இரண்டு கேஸ் அடுப்பு. வினோதினி முடியை அள்ளி முடிந்துகொண்டு, ஈரப் புடவையோடு அங்கே நின்றிருந்தாள். தீட்டு வீட்டுப் பெண் அடுப்பைத் தொடக் கூடாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உன் கடைக்கு ஏதாவது ஆயிடப் போகுதும்மா" என்றேன் சிந்துஜாவிடம்.

"சாப்பிட வர்றவங்க காரம் ஜாஸ்தியா கம்மியான்னுதான் கேப்பாங்க மாமா. தீட்டா இல்லையான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் என் கையில் அரிவாள்மனையைத் தள்ளினாள்.

நான் கத்தரிக்காய் நறுக்கினேன். அர்ஜுனன் வெங்காயம் உரித்தான். வினோதினி புளி கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, அடுப்பை ஏற்றி இறக்கி, ஒரு நிமிஷம் நிற்கவில்லை. என் வீட்டில் இருந்தவரைக்கும் காப்பிக்குப் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காதவள். அண்டாவைக் கழுவிவா என்று என்னைக் குழாயடிக்கு அனுப்பினாள். நான் போனேன்.

குழாயடியில் சாவு வீட்டுச் சத்தம் நன்றாகக் கேட்டது. பாஞ்சாலை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அது நேரத்தை ஓட்டுகிற ஒப்பாரி. இராமலிங்கத்தை ராஜா என்றாள், தர்மவான் என்றாள், அவர் உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றித் தான் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் சொன்னாள். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு குரல் மாறியது.

"என் கையால ஒரு வாய் சாப்பிடாம போயிட்டியே அண்ணா! ஆக்கி வெச்ச சோத்த ஊருக்கே போட்டனே, உனுக்குப் போடலியே அண்ணா!"

அது ஓட்டுகிற அழுகை இல்லை. கூட இருந்த பெண்கள் அதை ஒப்பாரியில் ஒரு வரி என்று நினைத்திருப்பார்கள். நான் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, குழாயை மூடாமல் அங்கேயே நின்றேன்.

ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தில் எல்லாம் தயார். என் அண்டாவில் சிந்துஜா வீட்டுச் சோறு. என் தூக்கில் வினோதினி வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. சிந்துஜா கொடுத்த தயிரைக் கரைத்து மோர். வினோதினி கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவு வழியாக வீட்டுக்குள் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். நானும் அர்ஜுனனும் சந்து வழியாகச் சுற்றி, வியர்க்க விறுவிறுக்க, முன்வாசல் வழியாகச் சோற்றை எடுத்துக்கொண்டு போனோம். வியர்வை மட்டும் நிஜம்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மீசையை மழித்த முகத்தோடு மாறன் எழுந்து வந்து என் கையிலிருந்து தூக்கை வாங்கினான். இலை போட்டோம். பந்தலையும் இலையையும் பார்த்துவிட்டு யாத்திரிகர்கள் நாலு பேர் உள்ளே வந்து வரிசையோடு உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை. நான் எழுப்புவேனா?

உள்ளே கன்னியம்மாளுக்கு மூலையில் இலை போட்டிருந்தது. ஒரே நாளில் பாதியாகப் போயிருந்தாள். நானே போய்ச் சோறு போட்டு, குழம்பை ஊற்றினேன். அவள் பிசைந்து முதல் வாயை வைத்தாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். தலையைத் தூக்கி, எதிரில் உட்கார்ந்திருந்த வினோதினியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டாவது வாயைப் பிசைந்தாள்.

"சம்பந்தியும் உக்காரட்டும், எவ்ளோ நேரம் நிப்பாரு" என்று யாரோ சொன்னார்கள். மாறன் பந்தலில் எனக்கு ஒரு இலை போட்டான். நானும் ஒரு வாய் வைத்தேன்.

வேர்க்கடலை வாசனை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். வறுத்துப் பொடித்துக் குழம்பில் போட்டு இறக்கியிருக்கிறாள். பாஞ்சாலை ஜென்மத்தில் குழம்புக்கு வேர்க்கடலை போட்டவள் இல்லை. அவள் அம்மா வீட்டிலும் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது. அவசரத்தில் என் மகள் யோசிக்கவில்லை. தினமும் எப்படிச் செய்கிறாளோ அப்படியே கை செய்துவிட்டது. பிடிபட்டோம் என்று தெரிந்துவிட்டது. இனி வினோதினி வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியதுதான்.

உள்ளேயிருந்து கன்னியம்மாளின் குரல் வந்தது, பந்தல் வரைக்கும் கேட்கிற மாதிரி.

"சம்பந்தி வூட்டு சாப்பாடு நல்லா இருக்குது. யாரும் கூச்சப்படாதீங்க, கேட்டு வாங்கி சாப்பிடுங்க."

பந்தியில் தலைகள் ஆடின. அவர்களுடைய பங்காளி ஒருவர், கல்யாணத்தன்று அந்தக் கடைசிப் பந்தியில் இராமலிங்கத்துக்குப் பக்கத்து இலையில் இருந்தவர், இன்னும் கொஞ்சம் குழம்பு என்று கையைக் காட்டினார். அர்ஜுனன் ஓடிப்போய் ஊற்றினான். சோறு மிஞ்சியது.

பாஞ்சாலை சாப்பிடவில்லை. ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டிப்போய், மோர் மட்டும் குடித்துவிட்டு ஓரமாகப் படுத்திருந்தாள்.

எல்லாம் முடிந்து பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, கன்னியம்மாள் கூப்பிடுவதாக மாறன் வந்து சொன்னான். போனேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"உக்காருங்க அண்ணா" என்றாள். தரையில் உட்கார்ந்தேன்.

"போலீசு வண்டிய நிறுத்திட்டாங்களாமே?"

"ஆமாம்மா."

"கொழம்புல மல்லாட்டப் பொடி போடறது எங்க மாமியா எனக்குச் சொல்லிக் குடுத்தது. நான் வினோதினிக்குச் சொல்லிக் குடுத்தேன். பாஞ்சாலை அண்ணிக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. புங்க மரத்தடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சாமியாரைச் சொன்னேன், வரிசையைச் சொன்னேன், நாங்கள் மயங்கிப்போனதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வினோதினியத் திட்டாதீங்க. நானும் கேக்க மாட்டேன்" என்றாள். "தீட்டோட போயி அடுப்பு பத்த வெச்சிருக்கா. பெத்தவன் மானம் போகக்கூடாதுன்னு வெச்சா. அந்தப் புத்தி இருக்கறவ நாளைக்கு எனக்கும் ஆக்கிப் போடுவா. அவரு போயிட்டாரு, இனிமே எனக்கு இந்த வூட்ல யாரு இருக்கா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு அண்ணா. உங்க வூட்டு சோறு இன்னும் இங்க வரல. இன்னிக்கி நாங்க சாப்பிட்டது எங்க வூட்டு சோறு."

என் மகளை அந்த வீட்டார் தங்கள் வீட்டுப் பெண் என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் பதினோரு மாதமாக ஏங்கினேன். சொல்லிவிட்டாள். சொன்ன உடனே சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம்தான் மற்றது புரிந்தது. இந்த ஊரில் வழியில் போனவர்களுக்கெல்லாம் சோறு போட்டவன், எந்த வீட்டுக்காக ஆக்கினேனோ அந்த வீட்டில் என் மகள் சமைத்த சோற்றை விருந்தாளியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

சந்தின் முனையில் பாஞ்சாலை காலித் தூக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கிரிவலப் பாதையில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது.

"சம்பந்தியம்மா இன்னா சொன்னாங்க?" தொண்டை கட்டிக் குரல் காற்றாக வந்தது. "கொழம்பு புடிச்சிருந்துச்சாமா?"

"ரொம்பப் புடிச்சிருந்துச்சாம். எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொன்னாங்க."

பாஞ்சாலையின் முகம் பூரித்துவிட்டது.

"பின்ன? யாரு பொண்ணு? அம்மா கைப்பக்குவம் எங்க போகும்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.